முதல் புள்ளி

திங்கள் காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது. எழுதிவிட்டேன், அப்படியே இருக்கட்டும். எஞ்சின் அறையில் சூடு தாங்கவில்லை என்று போன தடவை சொன்னாய். தண்ணீர் நிறையக் குடிக்கிறாயா? அந்த சீஃப் இன்ஜினியர் இன்னும் உன்னை விரட்டிக்கொண்டுதான் இருக்கிறாரா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் அழைப்பு வந்தால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். நான் "சாப்பிட்டியா" என்று கேட்பதற்குள் கப்பலின் சிக்னல் போய்விடுகிறது. அதனால் உன் கப்பல் மின்னஞ்சலுக்கு எழுதுகிறேன். இது நம் இருவருக்குள் இருக்க வேண்டும்.

நானும் அப்பாவும் மறுபடி மாணவர்களாகிவிட்டோம். ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருக்கும் பல் டாக்டர்களுக்காகப் பல் சீரமைப்பில் ஒரு பயிற்சி நடக்கிறது. வாரக் கடைசியில் சனி, ஞாயிறு மட்டும். கம்பி கட்டிப் பல்லை வரிசைக்குக் கொண்டுவருகிற வேலை. நம் கிளினிக்குக்குக் கிளிப் கேட்டு வருகிற பிள்ளைகளை இத்தனை காலமும் வேறு டாக்டரிடம் அனுப்பிவைத்தோமே, அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி மணிநேரம் வேண்டும், அதற்காக வந்து உட்காருகிறேன் என்றார். "பல்லைப் பிடுங்கத் தெரிஞ்சவனுக்கு அதை நகர்த்தத் தெரியாதா" என்று வழியெல்லாம் புலம்பல்.

சொல்லிக்கொடுக்கிற மேடம் எங்களைவிட ரொம்ப இளையவர். மெலிந்த உருவம், கணீரென்ற குரல். முதல் வகுப்பிலேயே மெழுகில் பதித்த கோணல் பற்களைக் கையில் கொடுத்துவிட்டார். நாமே கம்பியை வளைத்து மாட்டி, வெந்நீரில் முக்க வேண்டும். மெழுகு இளகியதும் கம்பி இழுக்கிற பக்கம் பல் நகர்ந்து வரும். என் பற்கள் அழகாக வந்தன. அப்பாவுடையதில் ஒரு கோரைப்பல் மட்டும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. "இவன் என் ஜாதி, சொன்ன பேச்சு கேட்க மாட்டான்" என்று அதைத் தூக்கிக் காட்டினார். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு அவருக்கும் ஆர்வம் ஒட்டிக்கொண்டது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கம்பி வளைத்துப் பழக ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய கீழ்ப்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருப்பதை நீயும் கேலி செய்திருக்கிறாய். ஈறு பலவீனம் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். இந்தத் தடவை வகுப்பில், யாருக்காவது பல் சீரமைக்க வேண்டுமென்றால் முன்வரலாம் என்று மேடம் சொன்னதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "என் வாயையே பாடமா வச்சுக்குங்க" என்றார். அச்சு எடுத்தார்கள், தலைக்குப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதை அளந்து வரைகிற வேலையை மேடம் என்னிடம் கொடுத்தார்.

இனி நான் கேட்பவற்றுக்கு, ஏன் எதற்கு என்று கேட்காமல் பதில் எழுது.

வேலையில் சேர்ந்த புதிதில் அப்பாவுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தாயே, அது அன்றைக்கு அவர் காலுக்குச் சரியாக இருந்ததா? இப்போது காலே நுழையவில்லை. மட்டமான தோல், சுருங்கிவிட்டது என்று கடைக்காரரைத் திட்டுகிறார். அப்புறம், நீ பட்டம் வாங்கிய அன்று எடுத்த படங்களில் அப்பா வாய்விட்டுச் சிரிப்பது ஒன்று இருக்கும். பக்கவாட்டில் முகம் தெரிகிற படம் இருந்தால் அதுவும் வேண்டும். இன்னொன்று. கடைசியாக வந்திருந்தபோது அவரோடு காரில் சுற்றினாயே, ஓட்டுவதில் ஏதாவது வித்தியாசமாகப் பட்டதா? யோசித்து எழுது.

அவரிடம் எதையும் கேட்டுவிடாதே. அவர் நன்றாகத்தான் இருக்கிறார். இப்போதுகூடக் குளியலறையில் பாடிக்கொண்டிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஏணிப்படிகளில் கையுறை இல்லாமல் ஏறாதே.

அன்புடன்,
அம்மா


வெள்ளி மதியம்

பாப்பா,

படங்கள் வந்தன. உன் கடிதமும் வந்தது. "என்னமோ மறைக்கிறே, சொல்லலன்னா நேரா அப்பாவுக்கே போன் பண்ணுவேன்" என்று எழுதியிருக்கிறாய். பண்ணாதே. இனி மறைக்கவும் போவதில்லை. பக்கத்தில் யாரும் இல்லாதபோது உட்கார்ந்து படி.

எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் வைத்து, மேலே மெல்லிய தாளை ஒட்டி, எலும்பின் ஓரங்களைப் பென்சிலால் எடுக்க வேண்டும். பிறகு புள்ளிகள் வைத்துக் கோடு இழுத்தால்தான் தாடை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். முதல் புள்ளி மண்டையோட்டின் அடியில் வைப்பது. அங்கே குதிரைச் சேணம் மாதிரி ஒரு சின்னக் குழி இருக்கும். அதற்குள்தான் பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. பட்டாணி அளவுதான், ஆனால் உடம்பின் வளர்ச்சியெல்லாம் அதன் பொறுப்பு.

சாதாரணமாக அந்தக் குழி சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். அப்பாவின் எக்ஸ்ரேயில் என் பென்சில் போய்க்கொண்டே இருந்தது. தப்பாக எடுத்துவிட்டேன் என்று அழித்தேன். மறுபடி வரைந்தேன். மறுபடியும் அதே அளவு. நடுவில் புள்ளி வைக்கக் கை வரவில்லை. மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். அந்தக் கணீர் குரல் எங்கே போனதோ தெரியவில்லை. "சாருக்கு மோதிரம் இறுக்கமா ஆயிடுச்சா? கிளவுஸ் சைஸ் மாத்தினாரா?" என்று என் காதோடு கேட்டார். மாற்றியிருந்தார். புதுக் கம்பெனி ஏமாற்றுகிறது என்று சொல்லிப் பெரிய அளவை வரவழைத்தவர் அவர்தான். மேடம் மெதுவாக வெளிச்சப் பெட்டியை அணைத்தார். இது நாம் பார்க்கிற விஷயம் இல்லை, உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். அந்த நேரத்தில் அப்பா பின் மேசையில், எங்களோடு படிக்கிற ஒரு தாடி டாக்டருக்குக் கம்பி வளைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கே இன்னும் வளைக்க வராது.

அது ஒரு கட்டியாக இருக்கலாம். பெரும்பாலும் புற்று கிடையாது, மெதுவாக வளர்கிற வகை. வளர்ச்சிக்கான சுரப்பு கூடிக்கொண்டே போவதால் கை, கால், தாடை எல்லாம் சிறுகச் சிறுகப் பெரிதாகும். தாடை பெரிதாகும்போது பல் விலகும். அதைத்தான் நாங்கள் ஈறு என்று நினைத்தோம். நீ அனுப்பிய படத்தை நேற்றைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூக்கும் உதடும் நெற்றியும் வேறு. தினமும் பார்க்கிற முகம், எனக்குத் தெரியவேயில்லை.

என்னைப் பயமுறுத்துவது அளவு இல்லை, இடம். அந்தக் குழிக்கு நேர் மேலேதான் இரண்டு கண்களின் நரம்பும் குறுக்கே போகின்றன. கட்டி மேலே தள்ளினால் இரு பக்கத்து ஓரப் பார்வையும் மங்கும். நேராகப் பார்ப்பது தெளிவாக இருப்பதால் ஆளுக்கே தெரியாது. கார் ஓட்டும்போது பக்கத்தில் வந்த ஸ்கூட்டரைப் பார்க்காமல் ஒடித்தார் என்று நீ எழுதியிருந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எக்ஸ்ரே வரைந்த அன்றே, வகுப்பு முடிந்து வண்டியில் வரும்போது அப்பாவிடம் சொன்னேன். சாவியை நான்தான் வாங்கிவைத்திருந்தேன். முதலில் சிரித்தார். "ரெண்டு கிளாஸ் போனதும் மூளை டாக்டர் ஆயிட்டியா" என்றார். எக்ஸ்ரேயில் எல்லாமே கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும் என்றார். நான் விடாமல் பேசியதும் குரல் மாறிவிட்டது. "பாப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது. நடுக்கடல்ல இருக்கிற பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்கேன் என்ற சொல்லை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

புதன்கிழமை கிளினிக்கில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நோயாளி உட்கார்ந்ததும் அப்பா சொல்கிற முதல் வார்த்தை உனக்கே தெரியும். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, அந்த நிமிஷமே நிறுத்திடுவேன்." இதை நம்பித்தான் பாதிப் பேர் அவரிடம் வருகிறார்கள். அன்று வந்தது நம் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிற அந்த அம்மா. கடைவாய்ப் பல்லில் அப்பா டிரில் வைத்திருந்தார். நான் அடுத்த நாற்காலியில் இருந்தேன். திடீரென்று நம் கிளினிக் அக்கா, "டாக்டர், கை, கை" என்று கத்தினார். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மாவின் இடது கை நேராக மேலே நிற்கிறது. விரல்கள் நடுங்குகின்றன, கண்ணோரம் தண்ணீர் வழிகிறது. அப்பா குனிந்தபடி வேலை செய்துகொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கை தெரியவில்லை, பாப்பா.

டிரிலை எடுத்தார். மன்னிப்புக் கேட்டார். மீதியை நான் முடித்தேன். அப்பா குழாயடியில் கையைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து, அக்கா தேவையில்லாமல் கத்தி நோயாளியைக் கலவரப்படுத்திவிட்டார் என்றார். மறுநாள் காலை நான் முன்னால் போய் அவருடைய நோயாளிகளை எல்லாம் என் பெயருக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். அவர் வந்ததும், "ஸ்கேன் எடுக்கிற வரைக்கும் நீங்க இந்த நாற்காலிப் பக்கம் வரக் கூடாது" என்றேன்.

"இது யாரு கிளினிக்?" என்று கேட்டார்.

"போர்டுல ரெண்டு பேர் பேரும் இருக்கு" என்றேன்.

இத்தனை வருஷத்தில் நாங்கள் அப்படிப் பேசிக்கொண்டதே இல்லை. அக்கா கருவி கழுவுகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. வரவேற்பு அறையில், நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். தெரிந்தவர் ஒருவர், "டாக்டர், உங்க டோக்கன் என்ன நம்பர்?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்களாம், அப்பாவைத் தவிர. இன்றும் வந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். காலையில் நான் உள்ளே ஒரு பல்லை அடைத்துக்கொண்டே அவர் பேப்பர் புரட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் என்னோடு பேச்சு இல்லை. நாளை வகுப்பு இருக்கிறது. வருவாரா என்று தெரியவில்லை.

நீ பதற்றத்தில் அழைத்துவிடாதே. உனக்குத் தெரிந்துவிட்டது என்று அறிந்தால் இன்னும் இறுகிப்போவார். உன் வேலையில் கவனமாக இரு. பிரார்த்தனை செய்கிற பழக்கம் உனக்கு இல்லை, தெரியும். இருந்தாலும் ஒருமுறை.

உன் அம்மா


வியாழன், மருத்துவமனை

என் கண்ணே,

காத்திருக்கும் அறையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஸ்கேன் முடிவை அன்று நாலு வரியில் உனக்குத் தெரிவித்தேன், அதற்கு மேல் எழுத மனம் ஓடவில்லை. இப்போது கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. அதனால் விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் வந்தார். காரில் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார், என் பக்கத்தில்கூட இல்லை. வகுப்பில் மேடத்திடம் நேராகப் போய், என் எக்ஸ்ரேயை நானே வரைகிறேன், கொடுங்கள் என்று கேட்டார். என் கணக்கு தப்பு என்று காட்டத்தான், வேறு எதற்கு? மேடம் என்னைப் பார்த்தார். கொடுத்துவிட்டார்.

அப்பாவின் கைவரிசை உனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூடப் படங்களையெல்லாம் அவர்தானே வரைந்து தருவார். பென்சிலைக் கூர் சீவிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பல், தாடை, மூக்கு எலும்பு என்று கீழே இருந்து மேலே வந்தார். முதலில் வைக்க வேண்டிய புள்ளியைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனார். நான் எதிர் மேசையில் என் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்தப் பக்கம் வளைந்தது என்றே எனக்குத் தெரியாது. தாடி டாக்டர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார், அப்பா காதிலேயே வாங்கவில்லை.

அந்தக் குழியின் ஓரத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது. அவர் நினைத்திருந்தால் சின்னதாக வளைத்து மூடியிருக்கலாம். தாளில் என்ன வேண்டுமானாலும் வரையலாம், யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் எலும்பு போன வழியிலேயே அவர் கையும் போனது. மெதுவாக, அழிக்காமல், முழுக்கச் சுற்றி வந்து கோட்டை முடித்தார். நடுவில் புள்ளியும் வைத்தார்.

மேடம் வந்து நின்றார். அப்பா நிமிர்ந்து பார்க்காமல், "மேடம், இதுல எங்க தப்பு பண்ணியிருக்கேன், சொல்லுங்க" என்றார்.

மேடம் தாளைப் பார்த்தார். "தப்பு ஒண்ணும் இல்ல சார்" என்றார். "சரியா வரைஞ்சிருக்கீங்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு என் மேசைக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே, "எங்க போகணும்னு சொன்னே? வா, போலாம்" என்றார். கிளம்பும்போது பக்கத்து நாற்காலியில் இடித்துக்கொண்டார். அந்த இடத்தைத் தடவிக்கொண்டே என் கையைப் பிடித்தார்.

அதன் பிறகுதான் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை எல்லாம். திராட்சை அளவு கட்டி. நரம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. கண் டாக்டர் எடுத்த படத்தில் இரண்டு ஓரமும் கறுப்பாக இருந்தது, திரையை இரு பக்கமும் இழுத்து மூடிய மாதிரி. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் இருக்கிற பார்வைக்கும் உத்தரவாதம் இல்லை என்றார்கள். மூக்கு வழியாக உள்ளே போய் எடுப்பதாகச் சொன்னார்கள். "நல்லவேளை, வாய் வழியா வரல, வந்திருந்தா என் பல்லுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லியிருப்பாங்க" என்றார் அப்பா. அறுவை டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

கொண்டுபோகும்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். அந்தத் தபால்கார அம்மாவை ஒருமுறை வரச் சொல், நான் நேரில் பேச வேண்டும் என்றார். உன் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தேன். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இங்கே ஒரு கதவு இருக்கிறது. யார் வந்து திறந்தாலும் எல்லோரும் எழுந்து நிற்கிறோம். யாருக்காகத் திறந்தது என்று தெரிந்ததும் மற்றவர்கள் உட்காருகிறோம். நம் கிளினிக் அக்கா காலையிலிருந்து என் பக்கத்தில் இருக்கிறார். மேடமும் வந்தார், பேசாமல் ஒரு பாட்டில் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். மறுபடியும் கதவு திறக்கிறது, பாப்பா. எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.


ஞாயிறு

மேலே எழுதியதை அனுப்பாமல் வைத்திருந்தேன். முழுச் செய்தியும் சேர்ந்து போகட்டும் என்று நினைத்தேன்.

கட்டியில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். ரத்தக் குழாயை ஒட்டிக் கொஞ்சம் இருக்கிறதாம். அதைத் தொடவில்லை, ஊசி மருந்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அது கேட்கும் என்கிறார் டாக்டர். கேட்க வேண்டும் என்கிறேன் நான். கை வீக்கம் வடியும், தாடை பழையபடி ஆகாது. பல் இடைவெளியை இப்போது தொடக் கூடாது, சுரப்பு அடங்கிய பிறகுதான் கம்பி என்று மேடம் சொல்லிவிட்டார்.

மயக்கம் தெளிந்த மறுநாள் நான் கட்டிலின் இடது பக்கம், கொஞ்சம் பின்னால் நின்றிருந்தேன். அவர் நேரே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பவில்லை. "ஏன் நின்னுக்கிட்டே இருக்கே, உட்காரு" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உட்காரவும் முடியவில்லை. கண் டாக்டர் இன்னும் அளந்து பார்க்க வேண்டும், முழுதாகத் திரும்புமா என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார். நாற்காலிக்கு எப்போது திரும்பலாம் என்பதும் அதைப் பொறுத்துத்தான். அது வரைக்கும் நான் சொல்கிற இடத்தில் உட்காருவதாக அவராகவே ஒத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த வகுப்பில் தன் எக்ஸ்ரேயை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று மேடத்திடம் அனுமதியும் வாங்கிவிட்டார். இப்போதே படுக்கையில் பாடம் நடத்திப் பார்க்கிறார், நர்ஸ்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது உன்னிடம் ஒரு வேண்டுதல். உன் கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொட்டதும் அப்பா உன்னோடு பேசப் போகிறார். உனக்கு ஒன்றும் தெரியாது என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். எப்படி ஆரம்பிப்பது என்று என்னிடமே ஒத்திகை பார்க்கிறார். "சின்ன விஷயம்தான்" என்று ஆரம்பிப்பார். நடுவில் ஒரு ஜோக் வரும், அது சரியாக வராது.

தெரியும் என்று சொல்லிவிடாதே. முதல்முறை கேட்கிறவளைப் போலக் கேள். "ஏன்பா என்கிட்ட முன்னாடியே சொல்லல" என்று கோபப்படு. அழுகை வந்தால் அடக்காதே, நன்றாக அழு. நீ அழுதால் அவர் உன்னைத் தேற்ற ஆரம்பிப்பார். இத்தனை நாளும் எல்லோரும் அவரையே தேற்றிக்கொண்டிருக்கிறோம், பாவம், அவருக்கு அது பழக்கமில்லை.

கடலும் எஞ்சினும் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். நீ எங்கே இருந்தாலும் உன்னைச் சுற்றிலும் எல்லாப் பக்கமும் உனக்குத் தெரியட்டும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா